முரல்தீவு சாய்ந்த பக்கம்

முரல் மீனைப்போல வடக்குத் தெற்காக மெலிந்து நீண்டு கிடந்ததால் முரல்தீவு என்று பேர் பெற்ற அந்தத் தேசத்துக்குச் சொந்தமாக ஒரு கொடி இருந்தது, ஒரு சனாதிபதி இருந்தார், உலக நாடுகளின் சபையில் தூணுக்குப் பின்னால் ஒரு கதிரையும் இருந்தது. மற்றப்படி மீனும் பனையும் உப்புக் காற்றும்தான். உலகத்து எண்ணெய்க் கப்பல்கள் முக்கால்வாசியும் அதன் ஓரத்தை உரசிக்கொண்டுதான் போகவேண்டும் என்பதை அங்கே ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை. கப்பல் போனால் அலை வரும், அலை வந்தால் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டவேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. அதைப் பெரிதாக எடுத்தவர்கள் இரண்டு பெரிய நாட்டுக்காரர். அந்த நாடுகளின் பேர்கள் வாய்க்குள் நுழையாததால் தீவார் அவர்களைக் கிழக்கார் என்றும் மேற்கார் என்றும் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கரையில் வந்து இறங்கியதால் அந்தப் பேர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன.

கிழக்குக் கரையில் சலேத்து இருந்தாள், மேற்குக் கரையில் அவளுடைய தங்கை யசிந்தா இருந்தாள். தாய் யசிந்தாவைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடியதால், சலேத்துதான் தன் இடுப்பில் அவளைத் தூக்கி வளர்த்தாள், கஞ்சி பருக்கினாள், பேன் பார்த்தாள், பிறகு தான் கலியாணம் முடித்துப் பாறையும் சுழியும் நிறைந்த கிழக்குக் கரைக்குப் போனாள். யசிந்தா மணல் விரித்த மேற்குக் கரையில் எமிலியானுக்கு வாழ்க்கைப்பட்டாள். எமிலியானின் வலை வெறுமையாக ஏறியதே இல்லை. சலேத்தின் புருசனைச் சுழி கொண்டுபோனது. யசிந்தாவுக்குப் பெனடிக்ரா என்றொரு பெண்பிள்ளை பிறந்தது. சலேத்துக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து தீவின் நடுமேட்டைத் தாண்டித் தங்கை வீட்டுக்குப் போய், பெனடிக்ராவை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, தங்கை கட்டிக்கொடுத்த கருவாட்டோடு பொழுது சாயத் திரும்பி வரும்போது சலேத்துக்கு நெஞ்சுக்கு நடுவே ஏதோ எரியும். அதற்குப் பொறாமை என்று அவள் பேர் வைத்ததில்லை. வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்தாள்.

கிழக்கார் வந்து பாறையை உடைத்துத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது, கறுத்த கண்ணாடி போட்ட அவர்களுடைய பெரிய அதிகாரிக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது, சலேத்து போனாள். தீவார் அவரைக் கண்ணாடித் துரை என்றார்கள். துறைமுகத்து விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்த அன்று பொழுதுபட, மேற்குக் கரைச் சனம் முழுக்க நடுமேட்டில் ஏறி நின்று கிழக்கைப் பார்த்தது. மேட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கையில், வீடுகளில் குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறியது, அடுப்பிலிருந்த சட்டிகள் மெல்ல நகர்ந்தன, பனங்காய்கள் தாமாக உருண்டன, தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் கிழக்குச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன. தீவு கிழக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது.

சாய்ந்தால் என்ன செய்வது, சாய்ந்தபடி இருக்கவேண்டியதுதான். கட்டில் கால்களுக்குக் கல் வைத்தார்கள். செருப்புத் தைக்கிறவர் ஒரு கால் தடித்தும் மறு கால் மெலிந்தும் செருப்புத் தைத்தார், தெற்கே போகும்போது ஒரு மாதிரியும் வடக்கே வரும்போது மாற்றியும் போடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். பாதிரியார் பூசைக் கிண்ணத்தில் பாதிக்குமேல் திராட்சை இரசம் ஊற்றுவதை விட்டார். பந்து விளையாடுகிறவர்கள் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதைக் கொலைக்குற்றம்போலக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள். புருசனும் பெண்சாதியும் யார் மேட்டுப் பக்கம் படுப்பது என்று சண்டை பிடித்து, பிறகு எப்படியும் உருண்டு ஒன்றாகத்தான் விடிகிறது என்று கண்டு சண்டையை விட்டார்கள். இது தற்காலிகச் சாய்வு என்று அரசாங்கம் வானொலியில் அறிவித்தது. சனாதிபதி தன் மேசைக்குக் குட்டைக் கால் இரண்டு செய்வித்தார்.

கொங்கிரீட்டின் பாரம்தான் காரணம் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கிழக்கார் கப்பல் கப்பலாகச் சீமெந்து இறக்கினபோது தீவு அசையவில்லை. கண்ணாடித் துரை ஊருக்குப் போய் வந்து, தனக்கு ருசியாகச் சமைத்ததற்காகச் சலேத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தபோது, அந்தக் குளிர்ப்பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஒழுங்கை வழியே போனபோது, தீவு இன்னும் ஒரு முழம் கிழக்கே இறங்கியது. அதற்குப் பிறகு பாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என்ன காரணம் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. வாய்விட்டுச் சொன்னால் யாருடைய கண் என்றும் சொல்லவேண்டி வரும் என்பதால் சொல்லாமல் விட்டார்கள்.

தீவு கிழக்கே இறங்க, நிலத்தடித் தண்ணீரும் கிழக்கே இறங்கியது. மேற்குக் கரையில் கிணறுகள் வற்றி அடிச்சேறு காட்டின. கிழக்குக் கரைக் கிணறுகளில் கையாலே அள்ளலாம் என்ற அளவுக்குத் தண்ணீர் தளும்பியது. யசிந்தா குடத்தோடு மேடு ஏறி, மேடு இறங்கி, அக்காவின் கிணற்றுக்கு வந்தாள். பிறந்த நாளிலிருந்து அக்காதான் அவளைத் தேடி வந்திருக்கிறாள். அவள் அக்காவைத் தேடி வந்தது அதுதான் முதல் தரம். சலேத்து அவளைக் கதிரையில் இருத்தி, ஒரு கண்ணாடிக் கோப்பையில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து, குளிர்ப்பெட்டியைத் திறந்து, தேவைக்கு மேலான நேரம் திறந்தே வைத்திருந்து, ஐஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"மெல்லக் குடி, பல்லுக் கூசும்" என்றாள்.

யசிந்தா குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "இது இல்லாமலே நாங்கள் இவ்வளவு காலமும் இருந்தனாங்கள்தானே அக்கா" என்றாள்.

"இருந்தனீங்கள்தான். இனி இருக்கமாட்டியள்" என்றாள் சலேத்து.

அன்று தங்கை தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சலேத்தின் நெஞ்சில் எரிவு இல்லை. வாழ்நாளில் முதல் தரமாக அது அணைந்திருந்தது. அந்த இடத்தில் ஏதோ இனிப்பாக, குளிர்ச்சியாக ஊறியது. அவள் அதைச் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தங்கை எப்போது தண்ணீருக்கு வருவாள் என்று விடிந்ததிலிருந்து ஒழுங்கையைப் பார்த்திருந்தாள்.

மேற்கார் சும்மா இருக்கவில்லை. கிழக்காருக்கு ஒரு துறைமுகம் இருக்கிறது என்ற நினைப்பே அவர்களுடைய தலைநகரத்தில் ஒருவரையும் சாப்பிட விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். அகலத் தொப்பி வைத்த ஒரு அதிகாரி கப்பலில் வந்து மேற்குக் கரையில் இறங்கினார். தொப்பித் துரை நல்ல மனுசர், சிரித்த முகம். மொழிபெயர்க்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், இந்தக் கரைக்கு என்ன தேவை என்று கேட்டார். பாடசாலைக்குக் கூரை என்றார்கள், வலைக்கு நூல் என்றார்கள், சிலர் வெட்கப்பட்டு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். யசிந்தா வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவள் அப்போதுதான் அக்காவின் கிணற்றிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்கி வைத்திருந்தாள்.

"அக்காவுக்கு அவையள் என்ன குடுத்தவையோ, அதைவிட ஒண்டு கூடக் குடுங்கோ" என்றாள்.

மொழிபெயர்க்கிறவர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும் தொப்பித் துரை அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் அரசாங்கம் தனக்குச் சொல்லி அனுப்பியதும் அட்சரம் பிசகாமல் அதுதான் என்றார்.

அப்படியாக யசிந்தா வீட்டுக்கு இரண்டு குளிர்ப்பெட்டி வந்தது. மேற்குக் கரைக்குக் கடல் தண்ணீரைக் குடி தண்ணீராக்கும் இயந்திரம் வந்தது, ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது, பாடசாலைக்குக் கூரையோடு கூரைக்கு மேலே இன்னொரு கூரையும் வந்தது. கிழக்குக் கரைச் சனம் நடுமேட்டில் ஏறி மேற்கைப் பார்த்தது. தீவு ஒரு நாள் முழுக்க நேராக நின்றது. அன்று எல்லாருக்கும் தலை சுற்றியது, செருப்பு இடறி விழுந்தார்கள். மறுநாள் அது மேற்கே சாய்ந்தது, கட்டில் கற்களைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். கிழக்கே கிணறு வற்ற, சலேத்து குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினாள். யசிந்தா அவளுக்கு ஐஸ் போட்ட தண்ணீர் கொடுத்தாள். எந்தக் குளிர்ப்பெட்டியில் எடுக்கட்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தாள்.

பிறகு கிழக்கார் ஒன்று கொடுக்க மேற்கார் ஒன்று கொடுக்க, மேற்கார் ஒன்று கொடுக்கக் கிழக்கார் ஒன்று கொடுக்க, தீவு அங்கும் இங்கும் ஆடுகிற தொட்டில்போல ஆகிவிட்டது. கண்ணாடித் துரை துறைமுகக் கோபுரத்தில் ஒரு பெரிய தொலைநோக்கி பூட்டினார், தொப்பித் துரையும் கப்பலில் ஒன்று பூட்டினார். கடலில் போகிற எண்ணெய்க் கப்பல்களைப் பார்க்கத்தான் இரண்டு பேரும் வந்தவர்கள், ஆனால் இரண்டு தொலைநோக்கியும் ஒன்றையொன்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கப்பல்கள் பார்ப்பாரில்லாமல் போய்க்கொண்டிருந்தன. சனாதிபதியிடம் நூறு வருசக் குத்தகைக்கு இரண்டு உடன்படிக்கை வந்து காத்திருந்தது. அவர் பேனையை எடுக்கிற போதெல்லாம் மேசை சாயும், மை ஒரு பக்கம் ஓடும், பார்ப்போம் என்று மூடி வைப்பார். அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கார் வந்தது.

பெனடிக்ராவுக்குக் கலியாணம் பேசி வந்தது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளை வடக்கு முனையைச் சேர்ந்த வாத்தியார், சாந்தமான பொடியன். மேற்கார் கேள்விப்பட்டு, குளிர்காற்று வீசும் மண்டபம் ஒன்றை யசிந்தாவின் வளவுக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சலேத்துக்குச் சொல்லி அனுப்பியது கோயில் மணி அடிக்கிறவர் மூலமாக. தங்கை தானாக வந்து கூப்பிடவில்லை. அதைக்கூடச் சலேத்து பொறுத்துக்கொண்டாள். ஆனால் கலியாணத்தன்று பெண்ணுக்கு முழுக வார்த்து உடுத்திவிடுவது பெரியம்மாவின் உரிமை. அதைத் தொப்பித் துரையின் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் உலையில் போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனாள்.

கண்ணாடித் துரையிடம் அவள் இதுவரைக்கும் வாய்திறந்து ஒன்றும் கேட்டதில்லை. மொழிபெயர்க்கிற ஆள் அன்றைக்கு அங்கே இல்லை. அவள் மேற்குப் பக்கத்தைக் காட்டினாள், பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். அவர் கறுத்த கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் அவருடைய கண்கள் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தன. அவர் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, தான் விழுங்குகிற நெஞ்செரிவுக் குளிசையில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தார், தானும் ஒன்றை விழுங்கினார். அவர்களுக்குள் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கலியாணத்தன்று முற்பகல், பூசை முடிந்து மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்து, பெனடிக்ரா பின்வாசல் பக்கம் சமையல்காரருக்கு முகம் காட்டப் போயிருந்த நேரம், கிழக்குக் கடலில் கிழக்காரின் வெள்ளைக் கப்பல் வந்தது. அது தேர்போல ஏழு அடுக்காக இருந்தது, அடுக்குக்கு அடுக்கு வாத்தியம் வாசித்தார்கள், வண்ணக் காகிதம் மழையாகக் கொட்டியது. நடுமேட்டுக்கு மேலால் அதன் உச்சி தெரிந்தது. மண்டபத்துச் சனம் இலையில் கை வைத்தபடியே எழும்பி யன்னலுக்கு ஓடியது. நடுமேட்டில் நின்றிருந்த சலேத்து கப்பலைப் பார்க்கவில்லை. அவள் மண்டப வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், தங்கை வெளியே வந்து கப்பலைப் பார்க்கிறபோது அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று காணவேண்டும் அவளுக்கு.

முன்பெல்லாம் தீவு மெல்லச் சாயும். அன்று அது கதவு சாத்துவதுபோலச் சாய்ந்தது. கல் அடுப்பிலிருந்த பாயாசக் கிடாரம் சறுக்கிக் கவிழ்ந்து, கொதித்த பாயாசம் பெனடிக்ராவின் இடுப்புக்குக் கீழே கொட்டியது.

சலேத்து கேட்டது பெனடிக்ரா அலறிய குரலை மட்டும்தான். வாத்தியச் சத்தத்தையும் தாண்டி அது மேட்டுக்கு வந்தது. பேன் பார்த்த தலை, மடியில் கிடந்த பிள்ளை, அவளுக்கு அந்தக் குரல் தெரியும். அவள் செருப்பை விட்டுவிட்டு மேட்டிலிருந்து ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மண்டப வாசலில் இரண்டு வாகனம் நின்றது. ஒன்று மேற்காரின் ஆஸ்பத்திரிக் கப்பலுக்குக் கொண்டுபோக வந்தது, மற்றது கிழக்காரின் வெள்ளைக் கப்பலில் இன்னும் பெரிய வைத்தியர் இருக்கிறார் என்று வந்தது. தொப்பித் துரை கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார், கண்ணாடித் துரை அந்தக் கதவை மூடினார். இந்தப் பிள்ளை எங்கள் கரைப் பிள்ளை என்றார் ஒருவர், விபத்துக்குக் காரணம் உங்கள் மண்டபம் என்றார் மற்றவர், இரண்டு பக்கத்துப் படம் பிடிக்கிறவர்களும் நல்ல வெளிச்சத்துக்காக இடம் மாறி மாறி நின்றார்கள். பெனடிக்ரா வாழையிலையில் கிடந்து முனகினாள். எமிலியான் ஒரு துரையின் காலையும் பிறகு மற்றத் துரையின் காலையும் பிடித்துக் கெஞ்சினான். மாப்பிள்ளைப் பொடியன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, தன் வேட்டித் தலைப்பால் ஈ விரட்டிக்கொண்டிருந்தான்.

சலேத்து பந்திக்குப் போட்ட நீளப் பலகை வாங்கு ஒன்றைக் கவிழ்த்து இலையைத் தட்டினாள், நிமிர்த்தி வைத்துப் பிள்ளையைத் தூக்கி அதில் கிடத்தினாள். தங்கையைப் பார்த்தாள். யசிந்தா வந்து வாங்கின் மறு தலைப்பைப் பிடித்தாள். நடுமேட்டில் அரசாங்கத்தின் பழைய மருந்தகம் இருந்தது. மேற்காரும் கிழக்காரும் ஆஸ்பத்திரி தந்த பிறகு ஒருவரும் அங்கே போவதில்லை, மிஸ்ஸி என்று கூப்பிடுகிற தாதி ஒருத்தி மட்டும் சம்பளத்துக்காக வந்து கதவைத் திறந்து வைத்திருப்பாள். மாப்பிள்ளை நடுவிலே தாங்கிப் பிடிக்க, இரண்டு பேரும் வாங்கைத் தூக்கிக்கொண்டு வளவுக்குப் பின்னால் வேலியில் ஆள் நுழைகிற பொட்டு வழியாக வெளியேறினார்கள். துரைமார் வாதத்தில் அதைக் கவனிக்கவில்லை.

யசிந்தா முன்னாலும் சலேத்து பின்னாலுமாகப் போனார்கள். பாதி வழியில், திரும்பிப் பார்க்காமலே யசிந்தா சொன்னாள்:

"கப்பலைக் கூப்பிட்டது நீதான் எண்டு எனக்குத் தெரியும்."

"ஓம்" என்றாள் சலேத்து.

அதுவரைக்கும் அக்காவை அவள் நீ என்று சொன்னதில்லை.

"கவனமாப் பிடி. விட்டிடாத" என்றாள் யசிந்தா.

மிஸ்ஸி பச்சைத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காயத்தை ஆற்றினாள், பழைய அலுமாரியிலிருந்த மருந்தைத் தடவி வெள்ளைத் துணியால் சுற்றினாள். பெனடிக்ரா பிழைத்தாள். கால்கள் இரண்டிலும் தோல் கடலோரச் சேறு காய்ந்ததுபோல வெடித்துச் சுருங்கிப்போயிற்று, நடை கொஞ்சம் இழுத்தது, புருசன் அவளை வடக்கு முனைக்குக் கூட்டிக்கொண்டு போய் அன்பாக வைத்திருந்தான். யசிந்தா அதற்குப் பிறகு அக்காவோடு பேசவில்லை. கிணறு வற்றினால் வேறு வீட்டுக்குப் போனாள். சலேத்து துரைக்குச் சமைப்பதை விட்டாள். குளிர்ப்பெட்டியின் கதவைக் கழற்றி ஆட்டுக் கொட்டிலுக்குப் படலாகப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடுமேடு வரைக்கும் வந்து, அங்கே நின்று, திரும்பிப் போனாள்.

வாசலில் பிள்ளையைப் பறிகொடுத்த அவமானம் இரண்டு துரைமாருக்கும் இருந்தது, ஆனால் அதற்காக அவர்கள் போகவில்லை. அவர்கள் போனதற்குக் காரணம் சங்குத்தீவு. முரல்தீவுக்குத் தெற்கே, வள்ளத்தில் போனால் இரண்டு பகல் தூரத்தில், ஆமைக்கும் நண்டுக்கும் மட்டும் பேர்போன இன்னொரு சின்னத் தேசம் அது. அங்கே கடல் இன்னும் ஆழம் என்று கிழக்காரில் யாரோ கண்டுபிடித்தார்கள், கிழக்கார் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேற்கார் கண்டுபிடித்தார்கள். ஒரு பருவக்காற்று மாறுவதற்குள் இரண்டு பேரும் மூட்டை கட்டினார்கள். கண்ணாடித் துரை அவசரத்தில் தொலைநோக்கியைக் கழற்ற மறந்தார். தொப்பித் துரை எல்லாரிடமும் சிரித்த முகத்தோடு விடைபெற்றார். விளக்குகள் அணைந்தன, தண்ணீர் இயந்திரம் துருப்பிடித்தது, உடன்படிக்கைகள் இரண்டையும் ஆட்கள் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள், சனாதிபதி கையில் மூடி திறந்த பேனையோடு கொஞ்ச நேரம் இருந்தார்.

தீவு நேராக நின்றது. கிணறுகள் எல்லாம் ஒரே அளவுக்கு ஊறின. ஆனால் சனத்துக்கு நேரான நிலத்தில் நடக்கத் தெரியாமல் போய்விட்டது. வெறுங்காலோடு நடந்தும் விழுந்தார்கள், நேரான கட்டிலில் படுத்தால் நித்திரை வரவில்லை என்றார்கள். நடுமேட்டில் ஏறிப் பார்த்தால் கிழக்கே இருட்டு, மேற்கே இருட்டு. பார்க்க ஒன்றுமில்லாததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அங்கேயும் ஒன்றுமில்லை. எங்களை இனி ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று எமிலியான் ஒரு நாள் மணலில் குந்தியிருந்து சொன்னான்.

பிறகு தெற்கே போய் வந்த மீன்பிடிகாரர் செய்தி கொண்டுவந்தார்கள். சங்குத்தீவில் மண்டபம் இல்லையாம், மாளிகையாம். தீவைச் சுற்றி ரயில் ஓடுகிறதாம். ரயிலுக்குள் குளிர்காற்றாம். ஆஸ்பத்திரிக் கப்பல் இரண்டாம், வருத்தக்காரர் போதாமல் சும்மா நிற்கிறதாம். முதலில் இளந்தாரிகள்தான் தெற்கு முனைக்குப் போய் நின்று பார்த்தார்கள். பிறகு பெண்கள் போனார்கள். பிறகு பூசை முடிய ஊரே போனது, சாப்பாடு கட்டிக்கொண்டு போனது. கண்ணுக்குக் கடலைத் தவிர ஒன்றும் தெரியாது, வானத்தின் விளிம்பில் ஒரு மங்கல் வெளிச்சம் தெரிவதாகச் சிலர் சொன்னார்கள், அதைக் காணாதவர்களும் கண்டதாகச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலேத்தும் போனாள். முனையில் உயரமான கல் ஒன்று இருந்தது. அதில் ஏறி, கையை நெற்றியில் வைத்துத் தெற்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அணைந்துபோயிருந்த எரிவு மெல்ல எழும்பி நெஞ்சுக்கு வந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. சேலையின் வாசனையிலேயே யசிந்தா என்று தெரிந்தது.

"எரிஞ்ச காலுக்கு வேற இடத்துத் தோல் வைச்சுத் தைக்கிறாங்களாம் அங்க" என்றாள் யசிந்தா. "வடுவே தெரியாதாம்."

"ஆருக்குச் செய்தவங்களாம்?"

"ஆரோ ஒரு நண்டு பிடிக்கிறவளுக்கு."

சலேத்து மூச்சை இழுத்து விட்டாள். தன் பிள்ளையான பெனடிக்ராவின் கால் அவளுக்கு ஞாபகம் வந்தது, முகமே தெரியாத அந்த நண்டுக்காரியின் வழுவழுப்பான கால்களும் கண்முன்னே வந்தன. "அவளுக்கு என்னத்துக்கு அது" என்றாள்.

"அதைத்தான் நானும் கேக்கிறன் அக்கா" என்றாள் யசிந்தா.

அவர்களைச் சுற்றி ஊர்ச்சனம் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் தெற்கைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. தீவு நீளவாக்கில் ஒரு முறை முனகியது. வடக்கு முனை கடலை விட்டு மெல்ல எழும்ப, தெற்கு முனை மெல்ல அமிழ, சாப்பாட்டுச் சட்டிகள் மணலில் சறுக்கிப் போய்த் தண்ணீரில் மிதந்தன. அலை வந்து கல்லின் அடியை நனைத்தது, பிறகு கல்லின் பாதியை நனைத்தது. ஒருவரும் பின்னால் போகவில்லை.

யசிந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் அக்காவின் தோளைப் பிடித்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில் அக்கா" என்றாள். "எனக்கும் பாக்கவேணும்."

சலேத்து தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டாள்.